சாயலும் களவும்: சில உயிர்பிழைப்புப் படங்களை முன்வைத்து

ஒரு ஞாயிறு மாலை மகளுடன் அமர்ந்து ‘தி லாங் வாக்’ படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 2025-ல் வெளிவந்த படம். ஐம்பது இளைஞர்கள் நெடுஞ்சாலையில் நடக்கிறார்கள். மணிக்கு மூன்று மைல் என்ற வேகத்திற்குக் கீழே போகக் கூடாது. போனால் எச்சரிக்கை. மூன்று எச்சரிக்கைகளுக்குப் பிறகும் கால் தளர்ந்தால் கூடவே வரும் ராணுவ வண்டியிலிருந்து குண்டு பாயும். கடைசியில் எஞ்சும் ஒருவனுக்கு மட்டும் பெரும்பணமும் கேட்ட வரமும் கிடைக்கும். படம் தொடங்கி அரைமணி நேரம் ஆகியிருக்கும். மகள் சொன்னாள்: “அப்பா, இது அப்படியே ஸ்க்விட் கேம். காப்பி அடிச்சிருக்காங்க.”

நான் சிரித்துவிட்டேன். ஸ்டீபன் கிங், ரிச்சர்ட் பாக்மன் என்ற புனைபெயரில் இந்த நாவலை வெளியிட்டது 1979-ல். எழுதத் தொடங்கியதோ அதற்கும் முன்னால், கல்லூரி மாணவராக இருந்தபோது. ‘ஸ்க்விட் கேம்’ தொடர் வந்தது 2021-ல். அதைச் சொன்னதும் அவள் சற்றும் தயங்காமல் கேட்டாள்: “அப்ப அவங்க இதப் பாத்து காப்பி அடிச்சாங்களா?”

இந்தக் கேள்விக்கு முன்பெல்லாம் என்னிடம் உடனடியாகப் பதில் இருக்கும். என் வாழ்க்கையில் இரண்டு முறை ‘ஆம், இது திருட்டுத்தான்’ என்று சந்தேகமின்றிச் சொல்லியிருக்கிறேன். ஒரு முறை சொன்னதால் யாருக்கும் எந்த நட்டமும் இல்லை. மற்றொரு முறை அப்படியல்ல. இரண்டையும் சேர்த்து எழுதிப் பார்க்க வேண்டும் என்று வெகுநாட்களாக நினைத்திருந்தேன்.

ஜப்பானியப் படமான ‘பேட்டில் ராயல்’ எனக்குக் கிடைத்தது 2005 வாக்கில். நண்பர் ஒருவர் பிரதியெடுத்துக் கொடுத்த குறுந்தகட்டில், வசனத்திற்கு ஐந்தாறு நொடிகள் பின்தங்கி ஓடும் ஆங்கிலத் துணையெழுத்துக்களோடு பார்த்தேன். 42 பேர் கொண்ட ஒரு பள்ளி வகுப்பைச் சுற்றுலா என்று சொல்லித் தீவொன்றுக்குக் கொண்டுபோகிறார்கள். கழுத்தில் வெடிக்கும் பட்டை. மூன்று நாட்கள் அவகாசம். ஒருவர் மட்டும் மிஞ்சும்வரை ஒருவரையொருவர் கொன்றாக வேண்டும். மிஞ்சாவிட்டால் எல்லோருக்கும் சாவு. ஒவ்வொருவருக்கும் ஒரு பை தருகிறார்கள். ஒருவன் பையில் துப்பாக்கி இருக்கிறது, இன்னொருவன் பையில் பாத்திர மூடி.

அந்தப் படத்தில் கலங்கரை விளக்கக் காட்சி ஒன்று உண்டு. தோழிகள் சிலர் அங்கே பதுங்கிச் சமைத்து உண்டு, வெளியே நடக்கும் கொலைகளுக்கு அப்பால் ஒரு சிறிய குடும்பம்போல வாழ்கிறார்கள். ஒரு தட்டில் விழுந்த விஷம், அது சேரவேண்டிய ஆளுக்குப் பதிலாக வேறொருத்தியைக் கொல்கிறது. அடுத்த சில நிமிடங்களில் அந்தத் தோழமை முழுவதும் சந்தேகமாகி, சந்தேகம் தோட்டாக்களாகி, அறை முழுக்கப் பிணங்கள். அன்றிரவு எனக்கு உறக்கமில்லை. அதன் பிறகு சந்தித்த நண்பர்களிடமெல்லாம் அந்தப் படத்தைப் பற்றியே பேசினேன். நான் கண்டெடுத்த படம் என்ற ஒரு உரிமையுணர்வு எனக்குள் வளர்ந்துவிட்டது.

ஆகவே 2012-ல் ‘தி ஹங்கர் கேம்ஸ்’ வந்தபோது என் சொத்து களவுபோனதுபோல உணர்ந்தேன். மீண்டும் பதின்பருவப் பிள்ளைகள். மீண்டும் கொடுங்கோல் அரசு, சீட்டுக்குலுக்கல், அடைக்கப்பட்ட காடு, அன்றாடம் அறிவிக்கப்படும் இறந்தோர் கணக்கு, சாவதற்கு மறுக்கும் ஒரு காதல் ஜோடி. நோட்டுப் புத்தகத்தில் ஒற்றுமைகளை வரிசையெண் இட்டு எழுதினேன். ‘ஹங்கர் கேம்ஸ்’ கதாநாயகியின் தோழன் கேல், குலுக்கலில் தன் பெயர் 42 முறை இருப்பதாகச் சொல்கிறான். ஜப்பானிய வகுப்பிலும் 42 மாணவர்கள். இதையும் ஒரு தடயமாகக் குறித்துக்கொண்டேன் என்பதை இன்று வெட்கத்தோடுதான் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. துப்பறிபவனுக்கு எல்லாமே தடயம்தான்.

சுசேன் காலின்ஸ் தன் நாவலை 2008-ல் வெளியிட்டவர். கையெழுத்துப் பிரதியை ஒப்படைக்கும்வரை ‘பேட்டில் ராயல்’ என்ற பெயரையே கேள்விப்பட்டதில்லை என்று அவர் சொல்லியிருந்தார். ஓர் இரவு தொலைக்காட்சிச் சேனல்களை மாற்றிக்கொண்டிருந்தபோது ஒன்றில் இளைஞர்கள் போட்டியிடும் ரியாலிட்டி நிகழ்ச்சியும் இன்னொன்றில் ஈராக் போர்க் காட்சிகளும் மாறிமாறி வர, இரண்டும் மனத்தில் கலந்துபோன கணத்தில் கதை உருவானதாகவும் சொன்னார். நான் அதை நம்பவில்லை. ஒரு சிறு பத்திரிகைக்கு எழுதிய கட்டுரையில், கையும் களவுமாகப் பிடிபட்டவர்கள் எல்லோரும் சொல்லும் பதில்தான் இது என்று முடித்திருந்தேன். காலின்ஸ் அதைப் படித்திருக்கப் போவதில்லை. அவருக்கு எந்த நட்டமும் இல்லை என்று சொன்னது இதைத்தான்.

மற்றொன்று அதற்கும் முந்தையது. 2003 என்று நினைவு. மதுரையில் மாதம் ஒருமுறை கூடும் வாசக நண்பர் குழு ஒன்றில் நான் சற்று மூத்தவன். அதிகம் படித்தவன் என்ற பெயரும் இருந்தது. சிவகங்கைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்துகொண்டிருந்த ஓர் இளைஞர் தன் முதல் சிறுகதையை அங்கே வாசித்தார். மழை பொய்த்த ஆண்டு. கண்மாயில் கிடக்கும் தண்ணீர் ஊரின் வயல்களில் ஒரு பகுதிக்குத்தான் போதும். எந்த மடையைத் திறப்பது என்று ஊரார் முடிவெடுக்க முடியாமல் அய்யனார் கோவிலில் பூக்கட்டிப் பார்க்கிறார்கள். வெள்ளைப் பூவும் சிவப்புப் பூவும் வைத்து இலையில் மடித்த பொட்டலங்களைப் போட்டு ஒரு குழந்தையை எடுக்கச் சொல்கிறார்கள். குழந்தை எடுத்த பூ, அதன் தகப்பனின் வயலைக் காய்ந்துபோகச் செய்துவிடுகிறது. ஊரில் யாரும் கெட்டவர்கள் இல்லை. எல்லோரும் முறைப்படியே நடந்துகொள்கிறார்கள். பயிர் கருகுகிறது. தகப்பன் ஊரைவிட்டுப் போகிறான்.

வாசித்து முடித்ததும் சிறிது நேரம் யாரும் பேசவில்லை. நான்தான் பேசினேன். ஷிர்லி ஜாக்சன் 1948-ல் எழுதிய ‘தி லாட்டரி’ கதையைச் சொன்னேன். அமைதியான கிராமம், மரபாக நடக்கும் சீட்டுக்குலுக்கல், குறியிட்ட சீட்டு யார் கையில் வருகிறதோ அவர் மீது ஊரே சேர்ந்து கல்லெறிதல். நியூ யார்க்கர் இதழில் அது வந்தபோது கண்டித்தும் குழம்பியும் நூற்றுக்கணக்கான கடிதங்கள் குவிந்ததையும் சொன்னேன். பிறகு, “தழுவல்னு ஒரு வரி போட்டிருக்கலாம், தம்பி” என்றேன்.

“இல்லண்ணே, அந்தக் கதைய நான் படிச்சதில்ல” என்றார் அவர். எனக்கு இங்கிலீஷ் கதை படிக்கிற அளவுக்கு வராது என்றும் சொன்னார். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். நானும் புன்னகைத்திருப்பேன். அடுத்த மாதம் அவர் வரவில்லை. அதற்கடுத்த மாதங்களிலும் வரவில்லை.

என் நோட்டுப் புத்தகப் பட்டியல் சரியத் தொடங்கியது ஒரு நேர்மையான காரணத்தால் அல்ல. அதை இன்னும் வலுவாக்க விரும்பினேன். ‘பேட்டில் ராயல்’தான் முதல் என்று நிறுவுவதற்காக அதற்கு முன் எதுவும் இல்லை என்று காட்ட முயன்றேன். முன்னால் போகப் போக வாசல்கள் திறந்துகொண்டே இருந்தன.

கோஷுன் டகாமியின் நாவல் 1999-ல் வெளிவந்தது. அதற்கு முன் ஜப்பானில் ஒரு திகில் புனைகதைப் பரிசுக்கு அனுப்பப்பட்டு, இறுதிச் சுற்றுவரை சென்று, உள்ளடக்கத்தின் காரணமாக நிராகரிக்கப்பட்டது. டகாமி ஸ்டீபன் கிங்கின் தீவிர வாசகர். நாவலில் வரும் ஊருக்கு ‘ஷிரோஇவா’ என்று பெயர். கோட்டை, பாறை என்ற இரு சொற்களாக அதைப் பிரித்தால் கிங்கின் கற்பனை நகரமான ‘காஸில் ராக்’ வந்துவிடுகிறது. கிங் அதே புனைபெயரில் 1982-ல் வெளியிட்ட ‘தி ரன்னிங் மேன்’ நாவலில், வேட்டையாடப்படும் மனிதனைத் தொலைக்காட்சியில் மக்கள் ரசிக்கிறார்கள். 1987-ல் அது அர்னால்ட் ஸ்வார்ஸ்நெகர் நடித்த படமாகியது, 2025-ல் மறுபடியும் படமாகியது. ஆனால் அதே வேட்டையை ராபர்ட் ஷெக்லி 1958-லேயே ‘தி ப்ரைஸ் ஆஃப் பெரில்’ என்ற சிறுகதையில் எழுதிவிட்டார். ஒரு வாரம் கொலையாளிகளிடமிருந்து தப்பித்தால் பரிசு, அதுவும் நேரலையில். அந்தக் கதை 1970-ல் மேற்கு ஜெர்மனியில் ‘தாஸ் மில்லியோனென்ஷ்பீல்’ என்ற தொலைக்காட்சிப் படமானது. பார்த்தவர்களில் சிலர் அதை உண்மை நிகழ்ச்சி என்றே நம்பி, தாங்களும் போட்டியில் கலந்துகொள்ள விரும்புவதாகத் தொடர்புகொண்டார்கள். பிறகு கதை உரிமைச் சிக்கலால் அந்தப் படம் ஏறத்தாழ முப்பதாண்டுகள் மறுஒளிபரப்பாகவில்லை.

இன்னும் பின்னால் போனால் 1924-ல் ரிச்சர்ட் கானெல் எழுதிய ‘தி மோஸ்ட் டேஞ்சரஸ் கேம்’. தீவு, மனிதனை வேட்டையாடும் மனிதன். 1932-லேயே படமாக வந்துவிட்டது. அதற்கும் அப்பால் கிரேக்கப் புராணத்தில் ஏதென்ஸ் நகரம் ஏழு இளைஞர்களையும் ஏழு கன்னியரையும் கிரீட் தீவின் சுழல்மாளிகைக்கு, மினோட்டாருக்கு இரையாக அனுப்புகிறது. அவர்களைத் தேர்ந்தெடுத்ததும் சீட்டுப்போட்டுத்தான். காலின்ஸ் தன் கதைக்கு வேராகச் சொன்னது இந்தத் தீஸியஸ் கதையையே. ஸ்டீபன் கிங் 2008-ல் ‘ஹங்கர் கேம்ஸ்’ நாவலுக்கு எழுதிய மதிப்புரையில் டகாமியையும், பாக்மன் என்ற பெயரில் தானே எழுதிய இரு நாவல்களையும் கேலியாகச் சேர்த்துக் குறிப்பிட்டுவிட்டுக் கடந்து போனார். உடைமைக்காரர் என்று சொல்லத்தக்கவரே கோபப்படாத இடத்தில், பிரதியெடுத்த குறுந்தகட்டில் படம் பார்த்த நான் கோபப்பட்டுக்கொண்டிருந்தேன்.

இதிலிருந்து ‘புதிதென்று எதுவுமில்லை, எல்லாம் ஏற்கெனவே சொல்லப்பட்டவை’ என்ற சோம்பலான முடிவுக்கு வந்துவிடலாம். நானும் சிலகாலம் அப்படித்தான் பேசித் திரிந்தேன். ஆனால் அது படங்களுக்கு நியாயம் செய்வதில்லை. எல்லாம் ஒன்றே என்பதும் எல்லாம் திருட்டே என்பதும் படங்களைக் கூர்ந்து பார்க்க மறுக்கும் இரண்டு வழிகள். பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு இரு படங்களையும் மறுபடி பார்த்தபோதுதான் அவை எவ்வளவு தூரத்தில் நிற்கின்றன என்பது தெரிந்தது.

சீட்டுக்குலுக்கலையே எடுத்துக்கொள்வோம். ‘பேட்டில் ராயல்’ படத்தில் நாட்டின் ஒன்பதாம் வகுப்புகளிலிருந்து ஒரு வகுப்பைக் குலுக்கித் தேர்கிறார்கள். எந்த வகுப்புக்கும் அது வரலாம். பணக்காரப் பிள்ளை, ஏழைப் பிள்ளை, படிப்பவன், போக்கிரி எல்லோரும் ஒன்றாக மாட்டிக்கொள்கிறார்கள். அங்கே கொடூரம் என்பது அரசின் அலட்சியம். ‘ஹங்கர் கேம்ஸ்’ குலுக்கலோ சமமானதல்ல. பன்னிரண்டு மாவட்டங்களிலிருந்து மாவட்டத்துக்கு ஓர் ஆண், ஒரு பெண் என்று 24 பேர். பன்னிரண்டு வயதில் ஒரு சீட்டு, ஆண்டுதோறும் ஒன்று கூடும். கூடுதலாகத் தானியம் வேண்டுமென்றால் பெயரைக் கூடுதல் சீட்டுகளில் எழுதிக்கொடுக்க வேண்டும். பசித்தவன் சாவதற்கான வாய்ப்பைத் தானே விலைகொடுத்து வாங்குகிறான். கேலின் 42 சீட்டுகள் அவனுடைய குடும்பம் உண்ட தானியத்தின் கணக்கு. நான் தடயமென்று குறித்துவைத்த எண், உண்மையில் இரு படங்களையும் பிரிக்கும் எண்.

அடுத்தது பார்வையாளர்கள். ஃபுகசாகுவின் தீவில் ஏறக்குறைய யாரும் பார்த்துக்கொண்டிருப்பதில்லை. தொடக்கத்தில் வென்ற சிறுமியைச் சுற்றிப் பத்திரிகையாளர்கள் மொய்க்கிறார்கள், அவ்வளவே. பிள்ளைகள் யாருக்கும் தெரியாமல், தங்களுக்குள்ளேயே சாகிறார்கள். அங்கே எழும் கேள்வி, பக்கத்து மேசையில் அமர்ந்திருந்தவனை நம்பலாமா என்பது. ‘ஹங்கர் கேம்ஸ்’ முழுக்கக் கேமராவின் முன்னால் நிகழ்கிறது. மருந்து வேண்டுமென்றால் பார்வையாளர்களுக்குப் பிடிக்கும்படி காதலித்துக் காட்ட வேண்டும். காட்னிஸ் தரும் முத்தம் யாருக்கானது என்று அவளுக்கே தெரிவதில்லை. அங்கே எழும் கேள்வி, எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒருத்தி தானாக இருக்க முடியுமா என்பது. திரையரங்கில் அமர்ந்து அதைப் பார்க்கும் நாமும் அந்தக் கேள்விக்கு உள்ளே வந்துவிடுகிறோம்.

வெளித்தோற்றம் ஒன்றாக இருந்தும் உள்ளே இருப்பது வேறாக இருப்பதற்குக் காரணம், அவற்றை உருவாக்கியவர்கள் பட்ட காயங்கள் வேறுவேறு என்றே நினைக்கிறேன். கின்ஜி ஃபுகசாகு 1930-ல் பிறந்தவர். 1945-ல், பதினைந்து வயதில், வகுப்புத் தோழர்களோடு ஆயுதத் தொழிற்சாலையில் வேலை செய்ய அனுப்பப்பட்டார். பீரங்கித் தாக்குதல் நடந்தபோது பிள்ளைகள் ஓடி ஒளிய இடமின்றி ஒருவர் உடலுக்கடியில் மற்றவர் புகுந்துகொண்டார்கள். பிழைத்தவர்கள்தான் பிறகு தோழர்களின் உடல்களை அள்ளி அகற்றினார்கள். அரசும் பெரியவர்களும் போரைப் பற்றிச் சொன்னவை அனைத்தும் பொய் என்று அப்போது உணர்ந்ததாக அவர் சொல்லியிருக்கிறார். டகாமியின் நாவல் அவர் கைக்கு வந்தபோது வயது எழுபதை நெருங்கியிருந்தது. திரைக்கதை எழுதியவர் மகன் கென்டா. 2000 டிசம்பரில் படம் வெளிவந்தபோது ஜப்பானிய நாடாளுமன்றத்தில் எதிர்ப்பு எழுந்தது. பதினைந்து வயதுக்குட்பட்டவர்கள் பார்க்க முடியாது என்ற சான்றிதழோடு படம் ஓடியது. எந்த வயதில் அவர் பிணங்களை அள்ளினாரோ அந்த வயதுப் பிள்ளைகளைப் பற்றிய படம் அது. இரண்டாம் பாகத்தின் படப்பிடிப்பு தொடங்கிய சில நாட்களில், 2003 ஜனவரியில் அவர் மறைந்தார். மகன் அதை முடித்தார்.

இதில் நான் கவனிக்கத் தவறியது ஒன்று உண்டு. அசல் என்று நான் தலையில் வைத்துக் கொண்டாடிய ‘பேட்டில் ராயல்’ படமே இன்னொருவரின் நாவலைத் தழுவியது. கதை, பெயர்கள், விதிகள் எதுவும் ஃபுகசாகுவுடையதல்ல. ஆயினும் அந்தக் கலங்கரை விளக்க அறையில் குவியும் உடல்களைப் பார்க்கையில், அது 55 ஆண்டுகள் ஒருவர் சுமந்து வந்த பாரம் என்பது தெரிகிறது. கடன் வாங்கிய கதைக்குள் ஒருவர் தன் முழு வாழ்வையும் வைத்துவிட முடியும். அப்படியானால் அசல் என்பது முதலில் சொன்னவருக்கு மட்டும் உரிய பட்டயம் அல்ல.

காலின்ஸின் தந்தை விமானப்படை அதிகாரி, வியட்நாம் போருக்குச் சென்றவர். தந்தை இருக்கும் நாட்டின் பெயர் தொலைக்காட்சிச் செய்தியில் ஒலிப்பதைக் கேட்டு வளர்ந்த சிறுமி, பெரியவளாகி ஈராக் போரையும் அதே பெட்டியில் பார்க்கிறாள். ‘ஹங்கர் கேம்ஸ்’ திரையைப் பார்க்கும் குற்றவுணர்விலிருந்து பிறந்தது என்று அவர் சொன்னதை இப்போது நம்புகிறேன். அந்தக் கதை வெளியுலகில் என்ன ஆனது என்பதையும் பார்க்க வேண்டும். 2014-ல் தாய்லாந்தில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது, படத்தில் வரும் மூன்று விரல் வணக்கத்தைத் தெருவில் காட்டியதற்காக மாணவர்கள் கைதுசெய்யப்பட்டார்கள். 2021-ல் மியான்மரிலும் அந்த விரல்கள் எழுந்தன. அந்தத் தெருக்களில் நின்றவர்களுக்கு இது அசலா நகலா என்ற கேள்வி எழுந்திருக்க முடியாது.

‘ஸ்க்விட் கேம்’ இன்னொரு வகை. அதன் இயக்குநர் ஹ்வாங் டோங்-ஹ்யுக் எதையும் மறைக்கவில்லை. 2008-ல் கையில் காசின்றி காமிக்ஸ் வாசிப்பகங்களில் பொழுதைக் கழித்ததையும், அங்கே ‘பேட்டில் ராயல்’, ‘லையர் கேம்’, ‘கைஜி’ போன்ற ஜப்பானியச் சித்திரக்கதைகளைப் படித்ததையும் வெளிப்படையாகச் சொன்னார். அந்த விளையாட்டில் பணம் கிடைத்தால் நானே போய்ச் சேர்ந்துவிடுவேன் என்ற நினைப்பிலிருந்து கதை முளைத்திருக்கிறது. ஆகவே அவருடைய கதையில் குலுக்கல் இல்லை. 456 பேரும் கடனாளிகள். ஒருமுறை வெளியேறியபின்னும் தாமாகவே பெரும்பாலோர் திரும்பி வருகிறார்கள். முந்தைய கதைகளில் அரசு துப்பாக்கி முனையில் செய்ததை இங்கே கடன் செய்துவிடுகிறது. தான் வாங்கியது எங்கிருந்து என்று சொன்னபிறகும் அவர் சொன்னது புதிதாகவே இருக்கிறது.

நம் மரபில் இதற்கு இடமிருந்தது. நன்னூல் நூல்களை முதல்நூல், வழிநூல், சார்புநூல் என்று மூன்றாகப் பிரிக்கிறது. முன்னவரோடு ஒத்துச் சென்று, பின்வந்தவர் தனக்கு வேண்டிய மாறுதல்களைச் செய்து கொள்வதே வழிநூல். அது பழிச்சொல் அல்ல, ஒரு வகையின் பெயர். அந்தப் பிரிவினை நடக்கும் பாதையைச் சொல்கிறதே தவிர உடைமையின் எல்லையைச் சொல்வதில்லை. இன்றைய காப்புரிமைச் சட்டமும்கூட எண்ணத்துக்குப் பாதுகாப்பு அளிப்பதில்லை, அதை வெளியிட்ட வடிவத்துக்கே அளிக்கிறது. சட்டம் காட்டும் இந்தப் பொறுமையை இலக்கிய வாசகர்களாகிய நாம்தான் காட்டுவதில்லை.

அதற்காகத் திருட்டே இல்லை என்று சொல்லவரவில்லை. காட்சிகளை வரிசை மாறாமல் எடுத்து, பெயர்களை மட்டும் மாற்றி, எழுதியவனுக்கு உரிய பணத்தையும் பெயரையும் தராமல் விடுபவர்கள் உண்டு. உரிமை பெறாமல் எடுத்தால் ஷெக்லி போன்ற ஓர் எழுத்தாளனின் பிழைப்பு பறிபோகிறது. அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் சொல்வதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. எடுத்துக்கொண்டதற்குள் இவர் தன்னுடையதென்று எதை வைத்தார்? திருடியவர் எதுவும் வைத்திருக்க மாட்டார். மூலத்தில் இருந்த வலிகூட அவரிடம் வந்து சேர்வதற்குள் உலர்ந்திருக்கும். இந்தக் கேள்விக்குப் பதில் தேட, ஒற்றுமைகளின் பட்டியல் போதாது. படைப்பை முழுதாகப் படித்திருக்க வேண்டும். அந்த மதுரைக் கூட்டத்தில் நான் அதைச் செய்யவில்லை. கதை முடிவதற்கு முன்பே எனக்கு ஷிர்லி ஜாக்சன் ஞாபகம் வந்துவிட்டது. பிறகு கேட்டதெல்லாம் அவருடைய கதையைத்தான்.

அந்த இளைஞரை 2019-ல் ஒரு திருமண வீட்டில் பார்த்தேன். நாற்பதைத் தொட்டிருந்தார். கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் வேலை. என்னை அடையாளம் கண்டு அவராகவே அருகில் வந்து “நல்லா இருக்கீங்களாண்ணே” என்றார். பந்திக்குக் காத்திருந்த நேரத்தில் பழைய கூட்டங்களைப் பற்றிப் பேச்சு வந்தது. அந்தக் கதையைப் பற்றி நான் சொன்னது தவறு என்று தோன்றுவதாகச் சற்றுத் தடுமாறியே சொன்னேன். அவர் கையை அசைத்துத் தடுத்தார்.

“அது எங்க அய்யா கதைண்ணே. பூ எடுத்த பிள்ள நாந்தான். கதையிலதான் பொம்பளப் பிள்ளையா மாத்திட்டேன்” என்றார்.

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அன்றைக்கே சொல்லியிருக்கலாமே என்றேன். சொன்ன கணமே அது எவ்வளவு அபத்தமான வாக்கியம் என்பதும் புரிந்தது. “அத்தன பேர் முன்னாடி எப்படிண்ணே சொல்றது?” என்று சிரித்தார். வேறு ஏதாவது எழுதினீர்களா என்று கேட்டேன். இல்லை என்றார். அந்தக் கையெழுத்துப் பிரதி இருக்கிறதா என்றேன். ஊரில் வீடு இடித்துக் கட்டியபோது போய்விட்டிருக்கும், தேடவில்லை என்றார். கோபமோ வருத்தமோ அவர் முகத்தில் இல்லை. பந்தி போட்டுவிட்டார்கள் என்று என் கையைப் பிடித்து அழைத்துப் போனார்.

அவர் எழுதாமல் போனதற்கு நான் மட்டுமே காரணம் என்று சொல்லிக்கொள்வது ஒருவகைத் தற்பெருமை. வேலை, குடும்பம் என்று ஆயிரம் காரணங்கள் இருந்திருக்கும். ஆனால் பதினைந்து வயதில் பிணங்களை அள்ளிய ஒருவர் எழுபது வயதில் அதைப் படமாக எடுப்பதற்கு, இடையில் யாரும் அவரிடம் ‘இது உன்னுடையதல்ல’ என்று சொல்லாமல் இருந்திருக்க வேண்டும். அல்லது சொன்னதை அவர் பொருட்படுத்தாமல் இருந்திருக்க வேண்டும். முதல் கதையோடு வந்திருக்கும் ஒருவரால் அது முடிவதில்லை.

இதையெல்லாம் மகளிடம் அன்று சொல்லவில்லை. படம் ஓடிக்கொண்டிருந்தது. நடப்பவர்கள் பலர் விழுந்துவிட்டார்கள். எஞ்சியவர்களில் இருவர் ஒருவரையொருவர் தாங்கிக்கொண்டு நடந்தார்கள். போட்டியின் விதிப்படி ஒருவன் சாவதுதான் இன்னொருவனுக்கு நல்லது. ஆனாலும் தாங்கிக்கொண்டார்கள். அவள் கைபேசியைக் கீழே வைத்துவிட்டுப் பார்க்கத் தொடங்கியிருந்தாள். முடிந்ததும் நெடுநேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, “ஸ்க்விட் கேம் மாதிரி இல்லப்பா” என்றாள்.

எந்த வகையில் இல்லை என்று கேட்டேன். யோசித்துச் சொல்வதாகச் சொன்னாள். நான் காத்திருக்கிறேன்.

அந்தச் சிறுகதையில் எனக்கு இப்போது நினைவிருப்பது ஒரு காட்சிதான். குழந்தை இலைப்பொட்டலத்தைப் பிரித்து, உள்ளே பூ இருப்பதைக் கண்டு, நல்லதுதான் நடந்திருக்கிறது என்று நினைத்துத் தகப்பனைத் தேடிச் சிரிக்கிறது. ஜாக்சனின் கதையில் அப்படி ஒரு சிரிப்பு இல்லை. அவருக்கு என் காவல் எந்த நாளும் தேவைப்பட்டதில்லை. அந்தச் சிரிப்பை எழுதிய வாக்கியம் என்னவென்று எவ்வளவு முயன்றும் நினைவுக்கு வரவில்லை.